பொட்டலத்திலிருந்து வருவது என்ன வாயு?



இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத் தோப்புகளில் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் இறங்குகிற பருவத்தில், "இதைக் கூடைக்குள்ள வையுங்க, சீக்கிரம் பழுத்துடும்" என்று யாராவது ஒரு பொட்டலத்தைக் கொடுக்கலாம். உள்ளே ஏதோ சாம்பல் நிறக் கல். அதிலிருந்து கிளம்புகிற வாயு கண்ணுக்குத் தெரியாது. அது என்ன வாயு என்று நாமே கண்டுபிடித்துவிடலாம்.

மிளகளவு துண்டு ஒன்றை இடுக்கியால் எடுத்து, திறந்த வெளியில், ஒரு கிண்ணம் தண்ணீரில் போடுங்கள். மூடி போடக் கூடாது. பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

முதலாவது, கல் சுர்ரென்று பொங்கிக் குமிழ் விடும். இரண்டாவது, வெள்ளைப்பூண்டு போல நெடி வரும். முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். தள்ளி நின்றாலே தெரியும். மூன்றாவது, அடியில் வெள்ளையாக வண்டல் தங்கும். அதில் மஞ்சள் தூளைத் தூவினால் ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவக்கும். வண்டல் சுண்ணாம்பு என்பதற்கு அதுவே அடையாளம்.

மூன்றும் சேர்ந்து இருந்தால் அந்தக் கல் கால்சியம் கார்பைடு, வாயு அசிட்டிலீன். கல்லிலுள்ள கால்சியம் தண்ணீரோடு சேர்ந்து சுண்ணாம்பாகிறது. கல்லிலுள்ள கரி, தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனோடு சேர்ந்து அசிட்டிலீனாகிறது. வெல்டிங் பட்டறையில் எரிவதும், அந்தக் காலத்துக் கார்பைடு விளக்கில் எரிந்ததும் இதே வாயுதான்.

சுத்தமான அசிட்டிலீனுக்கு இந்தப் பூண்டு நெடி கிடையாது. கல்லில் கலந்திருக்கிற பாஸ்பரஸ், ஆர்சனிக் அழுக்கிலிருந்து பாஸ்பீன், ஆர்சின் என்ற நச்சு வாயுக்கள் வருகின்றன. நெடி அவற்றால் வருவது. பழம் தின்கிறவருக்கு மட்டுமல்ல, அடைத்த அறையில் கூடை கட்டுகிற நம் வீட்டுப் பெண்களுக்கும் இது கேடு. காற்றில் 100-க்கு 2.5 பங்கு அசிட்டிலீன் கலந்தாலே, ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். இந்த வாயுவால் பழுத்த பழத்தை விற்பதை 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்திருக்கின்றன.

சரி, பழத்தை எப்படித்தான் பழுக்க வைப்பது? காயே தனக்கு வேண்டிய வாயுவை விடுகிறது. அதன் பெயர் எத்திலீன். இதை 1934-இல் கேன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி நிரூபித்தார். வைக்கோல் பரப்பிக் காயை அடுக்கி, நடுவே இரண்டு பழுத்த பழத்தை வைத்து மூடுகிறோமே, அந்த எத்திலீனை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிற வழி அது. வியாபாரத்துக்கு நிறைய வேண்டுமென்றால், பழுக்க வைக்கும் அறையில் எத்திலீன் வாயு செலுத்தலாம். பத்து லட்சம் பங்கு காற்றுக்கு 100 பங்கு வரை 2016 முதல் அனுமதி உண்டு.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். எந்த வாயுவும் பிஞ்சைக் கனியாக்காது. கல் வைத்தால் தோல் மஞ்சளாகும்; உள்ளே புளிப்பு அப்படியே இருக்கும். காயைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முற்றிய காய் மூழ்கும், இளங்காய் மிதக்கும். மூழ்குகிற காயைப் பறித்தால் கல்லுக்கு வேலையே இல்லை. நம்ம ஊர் மாம்பழத்தின் பேரும் கெடாது.