ஏணியைத் தாங்குவது எது?

ஆவணி பிறந்துவிட்டால் மன்னார்த் தீவில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான்: மடு யாத்திரை. ஓகஸ்ட் 15 ஆம் நாள் நிகழும் பெருவிழாவுக்குச் சில நாள்கள் முன்னதாகவே குடும்பங்கள் புறப்பட்டுவிடும். மடுக் காட்டின் மரநிழலில் கூடாரமடித்துத் தங்குவோர்க்குப் பானை சட்டி, பாய், அரிசி மூடை, படங்கு யாவும் வேண்டுமன்றோ? வானின் உள்ளே மனிதர் அமர, பொருள்கள் கூரைமீது ஏறும். அவற்றை ஏற்றுபவர் கால்வைத்து ஏறுவதற்கென வண்டியின் பின்புறத்தில் ஓர் இரும்பு ஏணி பொருத்தப்பட்டிருக்கும். மேனாடுகளில் உறங்கவும் சமைக்கவும் வசதியமைந்த வீட்டு வண்டிகளில் ஊர் சுற்றுவோரும் இத்தகைய ஏணியையே நம்பிக் கூரைக்கு ஏறுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன், பேசாலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் யாத்திரைக்கு மூடைகள் ஏற்றிக்கொண்டிருந்தோம். என் சகோதரியின் மகன், பதினாறு வயதுப் பிள்ளை, தோளில் அரிசி மூடையுடன் ஏணியில் ஏறினான். நான்காம் படியில் கால் வைத்ததும் 'படக்' என்றொரு சத்தம். ஏணியின் மேற்பிடிகள் இரண்டும் வண்டிச் சுவரை விட்டுக் கழன்றன. ஏணியும் பிள்ளையும் மூடையும் ஒன்றாகச் சாய்ந்தன. மணல் முற்றமாதலின் மணிக்கட்டுப் பிசகியதோடு தப்பினான். தார் வீதியில் நிகழ்ந்திருப்பின் என்னாகியிருக்கும் என்று எண்ணவே இன்றும் நெஞ்சு நடுங்குகின்றது.

அந்த ஏணிக்கு ஒரு மாதத்துக்கு முன்னர்தான் பளபளவெனக் கறுப்பு வர்ணம் பூசப்பட்டிருந்தது. பூசியவன் நானே.

ஊரிலுள்ள முதிய ஒட்டு வேலைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். ஏணியை ஒருமுறை தடவினார். பிறகு அதை விட்டுவிட்டுச் சுவரிலிருந்த துளைகளையே நெடுநேரம் நோக்கினார்.

"ஏணியிலை பெரிய பிழை இல்லைத் தம்பி. அது பிடிச்சிருந்த இடந்தான் செத்துப் போச்சு. கறளுக்கு மேலை வர்ணம் பூசினால் கறளுக்குப் போர்வை போட்ட மாதிரித்தான்," என்றார்.

அன்று அவர் காட்டியவற்றையும் பின்னர் நான் கற்றவற்றையும் இங்கே தருகின்றேன்.

உப்புக் காற்றின் வேலை

எங்கள் தீவின் ஒருபுறம் பாக்குக் குடா, மறுபுறம் மன்னார் வளைகுடா. மே முதல் செப்தெம்பர் வரை தென்மேற்குக் காற்று ஓயாது வீசும். தீவின் தென்கரையில் 2020 ஆம் ஆண்டில் 30 காற்றாடிகளுடன் மின்னிலையம் அமைக்கப்பட்டமைக்கு இக்காற்றே காரணம். இக்காற்றோடு கடலின் உப்புத் துகளும் வருகின்றது. ஆனால் மழை வருவதில்லை. ஆகவே படிந்த உப்பைக் கழுவுவாரில்லை. உப்போ காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்பினது. வெயிலில் காய்ந்து நிற்பதுபோலத் தோன்றும் வண்டியிலும், ஏணிப் பிடிக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய சந்தில் உப்பீரம் தங்கியிருக்கும். கறள் உருவாகும்போது தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளுமாதலின், அது பிடியைச் சுவரிலிருந்து நெம்பித் தள்ளும். வெளியே வர்ணம் சிறு கொப்புளமாகப் புடைத்திருப்பின், உள்ளே நெடுநாளாக அழிவு நடக்கின்றது என்பதே பொருள்.

பஸ்களின் அலுமினியத் தகட்டில் வேறோர் ஆபத்துண்டு. அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டிருக்க, இடையே உப்பு நீர் புகுமாயின், அவ்விடம் ஒரு சிறு மின்கலமாகிவிடும். அதில் கரைந்து அழிவது அலுமினியமே. துளையைச் சுற்றி வெண்பொடி காணப்படும். இவ்வியல்பையே நன்மைக்குப் பயன்படுத்த முடியுமென 1824 இல் சேர் ஹம்பிரி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி காட்டினார். கப்பல்களின் அடிப்புறச் செப்புத் தகட்டோடு நாகத்துண்டை அல்லது இரும்புத்துண்டைப் பிணைத்தால், அத்துண்டு தான் கரைந்து செம்பைக் காக்கும் என்பது அவர் கண்டது. 1837 இல் சொரெல் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் இரும்புக்கு நாகப் பூச்சிடும் முறைக்கு உரிமை பெற்றார். இன்று கடைகளில் விற்கும் நாகம் கலந்த அடிப்பூச்சும் இவ்வழியே இரும்பைக் காக்கின்றது.

பாரத்தின் கணக்கு

ஏணியில் நிற்பவரின் பாரம் கீழ்நோக்கி மட்டும் செல்வதில்லை. அவர் உடல் சுவரிலிருந்து விலகி நிற்பதால் கீழ்ப்பிடி சுவரை அழுத்த, மேற்பிடி சுவரிலிருந்து பிடுங்கப்படுகின்றது. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் பாரமையம் சுவரிலிருந்து 30 சதமமீற்றர் விலகியிருப்பதாகவும், மேற்பிடிக்கும் கீழ்ப்பிடிக்கும் இடையே 150 சதமமீற்றர் இருப்பதாகவும் கொள்வோம். 70 ஐ 30 ஆல் பெருக்கி 150 ஆல் வகுத்தால் 14. இதுவே மேற்பிடிகளை வெளியே இழுக்கும் கிலோ அளவு. பிடிகளின் இடைவெளி 60 சதமமீற்றராகக் குறையின் அது 35 கிலோவாகும். அவர் 25 கிலோ மூடையைச் சுமந்து 45 சதமமீற்றர் வெளியே சாய்வாராயின் 71 கிலோவைத் தாண்டிவிடும். உதறினாலோ குதித்தாலோ இன்னும் மிகும்.

எங்கள் ஏணியில் பிடிகளின் இடைவெளி ஏறக்குறைய அந்த 60 சதமமீற்றர்தான். அவற்றைப் பற்றியிருந்தவையோ, ஒரு மில்லிமீற்றர் தடிப்புமில்லாத தகட்டில் முறுக்கிய சிறு திருகாணிகள். தகடு கறளால் மெலிந்திருக்கையில் அவை எதனைப் பற்றி நிற்கும்?

பழுது பார்க்கும் முறை

முதலில் ஏணியை முற்றாகக் கழற்ற வேண்டும். குழாய்களைச் சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். உட்கறள் கண்டது மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தைக் கூரிய ஊசியால் குத்திப் பார்க்கலாம். பழுதான பகுதியை வெட்டியெறிந்து, குழாயின் உள்ளே இறுகப் பொருந்தும் சிறு குழாயொன்றைச் செருகி, அதன்மேல் புதுத்துண்டை வைத்து ஒட்டுதலே உறுதியானது. மேலே தகட்டுத்துண்டை ஒட்டி மறைத்தல் என் வர்ணப்பூச்சை ஒத்த வேலையே.

ஒட்டு வேலையை ஏணி வண்டியில் இருக்கும்போது செய்தலாகாது. எரிபொருளும் உட்புறத் துணிகளும் தீப்பற்றக்கூடும். நாகப் பூச்சுள்ள குழாயாயின், ஒட்டுமிடத்துப் பூச்சை முதலில் அராவிவிட்டுத் திறந்த வெளியில் ஒட்ட வேண்டும். நாகப் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் உண்டாக்கும்.

அடுத்தது பிடிகள். மேற்பிடிகளைக் கூரையோரம் வரை உயர்த்தி, நடுவிலும் ஒரு சோடியைச் சேர்த்தோம். தகட்டில் மட்டும் பொருத்தாது, இயன்ற இடங்களில் உள்ளேயுள்ள விலாச் சட்டங்களில் துளையிட்டுப் பொருத்தினோம். சட்டமில்லாத இடத்தில் சுவரின் உட்புறத்தே உள்ளங்கை அகலமும் 3 மில்லிமீற்றர் தடிப்புமுள்ள உருக்குத் தகட்டை வைத்து, போல்ட்டை ஊடுருவச் செலுத்தி, தானாகத் தளராத நட்டால் இறுக்கினோம். ஊசிமுனையில் விழுந்த இழுவை இப்போது உள்ளங்கை அகலத்துக்குப் பரவுகின்றது. எங்கள் கடற்றொழிலாளர் கண்ணாடியிழைப் படகில் கயிறு கட்டும் கட்டைக்கு உட்புறம் பலகை கொடுப்பதும் இக்கருத்துப் பற்றியே.

போல்ட்டுகள் மொலிப்டினம் கலந்த 316 ஆம் வகைக் கறளேறா உருக்காயின் கடலோரத்துக்கு ஏற்றவை. பிடிக்கும் சுவருக்கும் இடையே இறப்பர்த் துண்டு வைத்து, துளையைச் சுற்றி நீர்புகாப் பசையிட வேண்டும். வெட்டிய துளையோரங்களுக்கும் வர்ணம் வேண்டும். ஏணிக்குக் கறளைச் சுரண்டி நீக்கியபின் நாக அடிப்பூச்சு ஒன்றும் மேற்பூச்சு இரண்டும் போதும். குழாய்களின் அடியில் சிறு துளையிட்டால் உட்புகுந்த நீர் வடிந்துவிடும்.

வேலை முடிந்ததும் உடனே கூரைக்கு ஏறிவிடக் கூடாது. ஒருவர் கீழ்ப்படியில் நின்று மெல்ல அசைய, மற்றொருவர் பிடிகள் ஒவ்வொன்றையும் உற்றுநோக்க வேண்டும். பாரத்தைத் தோளில் சுமந்து ஏறாது, மேலிருப்பவர் கயிற்றால் தூக்கிக்கொள்வது நன்று. மின்கம்பியின் கீழ் வண்டியை நிறுத்திக் கூரைமீது ஏறுதல் ஒருபோதும் கூடாது.

கடலிலிருந்து வந்ததும் படகு இயந்திரத்தை நன்னீரால் கழுவுவது எங்கள் ஊர் வழக்கம். அந்நீரில் ஒரு வாளியை இப்போது வாரந்தோறும் ஏணிக்கும் ஊற்றுகின்றோம். மருமகன் வளர்ந்துவிட்டான். ஒவ்வோராண்டும் மடுவுக்குப் புறப்படுமுன் ஏணியின் முன்புறத்தை அவன் பார்ப்பதில்லை. பிடிகளின் பின்னே விரலை நுழைத்துத் தடவிப் பார்க்கின்றான். விரலில் செம்பொடி ஒட்டவில்லையென்று காட்டிய பின்னரே முதல் மூடை மேலே செல்லும்.