தண்டவாளத்தின் உயரம், எஃகின் தரம்

தாம்பரம் வழியாக ஓடும் ரயில்களைத் தாங்கும் தண்டவாளத்தை நெடுக்காகப் பார்க்காமல் குறுக்காக வெட்டிப் பார்த்தால், மேலே தடித்த தலை, கீழே அகன்ற பாதம், இரண்டையும் இணைக்கும் மெல்லிய தண்டு எனத் தெரியும். நடுவில் எஃகை இப்படிக் குறைத்தது சிக்கனத்துக்காக மட்டுமல்ல.

சக்கரத்தின் எடையில் தண்டவாளம் வளையும்போது ஒரு விளிம்பு அமுங்குகிறது, எதிர் விளிம்பு இழுபடுகிறது. நடுப்பகுதிக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. நடுக்கோட்டிலிருந்து தள்ளி இருக்கும் ஒவ்வொரு துணுக்கும் வளைவை எதிர்ப்பதில் அதன் தூரத்தின் இருமடிக்கு ஏற்பப் பங்கேற்கிறது. அந்தப் பங்குகளின் கூட்டுத்தொகையே நிலைமத் திருப்புத்திறன். 100 மிமீ அகலமும் 50 மிமீ தடிமனும் உள்ள மரச்சட்டத்தைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்தால் இது 4 மடங்காகிறது. மரம் அதேதான், மாறியது நிலை மட்டுமே.

இந்திய ரயில்வே, மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளத்திலிருந்து 60 கிலோ தண்டவாளத்துக்கு மாறியதில் இந்தக் கணக்கு வெளிப்படுகிறது. உயரம் 156 மிமீயிலிருந்து 172 மிமீ ஆனது. எடை சுமார் 16 சதவீதம்தான் கூடியது. நிலைமத் திருப்புத்திறனோ சுமார் 40 சதவீதம் உயர்ந்தது.

எஃகின் தரம் தனிக் கதை. 880 தரம் என்றால், ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 880 நியூட்டன் இழுவிசையைத் தாங்கும் எஃகு. தலையைக் கடினப்படுத்திய 1080 தரமும் உண்டு. அது தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் அதே வடிவத்தில், அதே எடையின் கீழ், 880 எவ்வளவு வளையுமோ அவ்வளவுதான் இதுவும் வளையும். எந்தத் தர எஃகானாலும், பொருளின் விறைப்பைக் காட்டும் அதன் யங் குணகம் ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல்தான்.

மேடவாக்கத்திலோ செம்பாக்கத்திலோ வீடு கட்டுவோருக்கும் இது பொருந்தும். 500 தரக் கம்பிக்குப் பதில் 550 தரக் கம்பி போட்டால் பீம் கூடுதல் பாரத்தைத் தாங்கலாம். தொய்வைக் குறைக்க அது உதவாது. அதற்குப் பீமின் ஆழத்தைக் கூட்ட வேண்டும்.

பொருளையே மாற்றினால்தான் குணகம் மாறும். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பயிற்சி விமானங்கள் பறக்கின்றன. விமான இறக்கைகளுக்குள் நெடுக ஓடும் உத்திரங்களுக்குப் பெரும்பாலும் அலுமினியக் கலவையே பயன்படுகிறது. அதன் குணகம் சுமார் 70 கிகாபாஸ்கல். எஃகில் மூன்றில் ஒரு பங்கு. எஃகின் விறைப்பை அலுமினியத்தில் பெற, வடிவத்தை எல்லாப் பக்கமும் சுமார் 30 சதவீதம் பெரிதாக்கினால் போதும். அப்போதும் எடை எஃகில் சுமார் 60 சதவீதம்தான் வரும். பறப்பதற்கு அது பெரும் ஆதாயம்.

கான்கிரீட்டின் குணகம் இன்னும் குறைவு, 30-ஐ ஒட்டியது. சின்னமலையிலிருந்து விமான நிலையம் வரை மெட்ரோ ரயிலைச் சுமக்கும் பாலம் ஆழமான பெட்டி கர்டராக அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பெட்டியின் உள்ளே வெற்றிடம். மேல் தளமும் அடித் தளமும் நடுக்கோட்டிலிருந்து தள்ளி நிற்கின்றன. கான்கிரீட் இழுவிசைக்குத் தாங்காது என்பதால், இழுத்துப் பூட்டிய எஃகு வடங்கள் அதை எப்போதும் அமுக்கியே வைத்திருக்கின்றன.