கருவிழியின் மேல் ஒரு வில்லை

ஜோகூர் பாரு நகரத்தின் வடமேற்கே, தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கும் தம்போயில், பொழுது புலர்வதற்கு வெகுநேரம் முன்பே மோட்டார் சைக்கிள்கள் புறப்பட்டுவிடுகின்றன. 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஜோகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் உத்தியோகம் பார்த்துவிட்டு, இருட்டிய பின்னர் வீடு திரும்பும் இளைஞர்களும் யுவதிகளும் அவற்றில் செல்கின்றனர். இவர்களுள் மூக்குக்கண்ணாடி அணிந்தோர் படும் சிரமங்கள் கொஞ்சமல்ல. ஹெல்மெட்டுக்குள் கண்ணாடியின் சட்டம் நுழைய மறுக்கிறது. மழைத்துளி விழுந்த மாத்திரத்தில் எதிரே வரும் விளக்குகளெல்லாம் சிதறித் தெரிகின்றன. குளிர்சாதன அறையிலிருந்து வெளிப் புழுக்கத்துக்கு வந்த கணத்திலேயே கண்ணாடி முழுவதும் நீராவி படிந்து பார்வை மறைகிறது. ஆகவே, சில காலம் அணிந்து எறிந்துவிடக்கூடிய காண்டாக்ட் லென்ஸ் இவர்களுக்கு ஒரு வரப்பிரசாதமாகவே தோன்றுகிறது. அந்தச் சௌகரியம் உண்மையானதே, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அந்த மெல்லிய வில்லையை மூக்குக்கண்ணாடியின் சிறிய உருவமென்றே பலர் எண்ணிவிடுகின்றனர். உயிருள்ள ஒரு திசுவின் மேல், அதன் கண்ணீரிலேயே மிதந்துகொண்டு, அதற்கும் காற்றுக்கும் இடையே அமர்ந்திருக்கும் மருத்துவ சாதனம் அது என்ற எண்ணம் மனத்தில் ஊன்றிவிட்டால், கண் பரிசோதகர் சொல்லும் விதிகள் யாவற்றுக்கும் காரணம் தானாகவே விளங்கிவிடும்.

முதலில், பரிசோதகர் எழுதித் தரும் பவர் சீட்டை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்க் கண்ணாடிக் கடைகளில் "உங்கள் பவர் என்ன?" என்று கேட்டால், "இருநூறு", "முந்நூற்றைம்பது" என்றுதான் பெரும்பாலோர் விடை சொல்கின்றனர். சீட்டிலோ −2.00 என்றும் −3.50 என்றும் எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றே, தசமப் புள்ளியை நீக்கிவிட்டு நூற்றுக் கணக்கில் சொல்வது இவ்வட்டாரத்து வழக்கம். அந்த எண்ணுக்கு உரிய அலகு டயாப்டர் என்பது. 1872இல் பிரெஞ்சுக் கண் வைத்தியரான பெர்டினாண்ட் மோனோயே முன்மொழிந்த அலகு அது. ஒன்று என்னும் எண்ணை டயாப்டர் எண்ணால் வகுத்தால் கிடைப்பது ஒரு தூரம், மீட்டர் கணக்கில். கிட்டப்பார்வை உடைய ஒருவருக்கு −2.00 என்று எழுதியிருந்தால், கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெளிவாகத் தெரியும் எல்லை அரை மீட்டர், அதாவது 50 சென்டிமீட்டர் என்று பொருள். −4.00 என்றால் அவ்வெல்லை 25 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஆறு என்றால் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர்தான். ஒரு சாண் தூரத்துக்கும் குறைவு. எண்ணுக்கு முன்னே கழித்தல் குறி இருப்பின் கிட்டப்பார்வை. கூட்டல் குறி இருப்பின் தூரப்பார்வை. கால் டயாப்டர் ஏற்ற இறக்கமாக, 0.25, 0.50 என்றே இந்த எண்கள் நடைபோடுகின்றன.

சீட்டின் இரண்டாவது கட்டத்தில் சிலிண்டர் என்று ஓர் எண்ணும், அதன் பக்கத்தில் ஆக்ஸிஸ் என்று 180க்கு மேற்படாத ஓர் எண்ணும் காணப்படும். பலரைக் குழப்புவது இந்தப் பகுதிதான். கருவிழியின் வளைவு எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக இருப்பின் ஒளிக்கதிர்கள் ஒரு புள்ளியில் சென்று சேரும். ஒரு திசையில் வளைவு அதிகமாகவும் அதற்குக் குறுக்கான திசையில் குறைவாகவும் அமைந்துவிட்டால், ஒரே புள்ளியில் அவை கூடமாட்டா; எழுத்துகளுக்கு நிழல் விழும்; இரவில் தெருவிளக்குகள் ஒரு பக்கமாக நீண்டு தெரியும். மலாய்க்காரர்கள் இதனைச் சீலாவ் என்கின்றனர். ஒளியின் இயல்பை ஆராய்ந்த தாமஸ் யங் என்னும் ஆங்கில அறிஞர், 1801இல் தம் சொந்தக் கண்ணிலேயே இந்தக் கோளாறு இருப்பதை அளந்து விவரித்தார். சிலிண்டர் எண் இக்கோளாறின் அளவைச் சொல்கிறது. ஆக்ஸிஸ் எண் அதைத் திருத்தும் வில்லையை எந்தச் சாய்வில் நிறுத்தவேண்டும் என்பதைச் சொல்கிறது. நாற்பது வயதைக் கடந்தோரின் சீட்டில் மட்டும், வாசிப்பதற்காகக் கூட்டவேண்டிய பவரும் சேர்ந்திருக்கும். வலக் கண்ணை ஓ.டி. என்றும் இடக் கண்ணை ஓ.எஸ். என்றும் குறிப்பது லத்தீன் மொழிச் சொற்களின் முதலெழுத்து வழக்கு. இரண்டு கண்களுக்கும் வெவ்வேறு பவர் இருப்பது சகஜமாதலால், வலது இடது மாறாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட ஒருவர், கண்ணாடிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே எண்ணில் லென்ஸ் பெட்டி வாங்கிவிட்டால் என்ன தவறு என்று கேட்கலாம். தவறு உண்டு, அதற்குப் பௌதிக நியாயமும் உண்டு. மூக்குக்கண்ணாடி கருவிழியிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. கண்வில்லையோ கருவிழியின் மீதே படிந்திருக்கிறது. அந்தச் சிறிய இடைவெளி, நான்கு டயாப்டருக்கு உட்பட்ட பவரில் பெரிதாகத் தெரிவதில்லை. அதற்கு மேற்பட்டால் கணக்கே மாறிவிடுகிறது. கண்ணாடியில் −6.00 அணிபவருக்கு வில்லையில் −5.50 போதுமானதாகிறது, −8.00 அணிபவருக்கு −7.25 அளவே தேவைப்படுகிறது. தூரப்பார்வைக்காரருக்கு இது தலைகீழாகி, வில்லையின் எண் கூடிவிடும். சிலிண்டர் மிகச் சிறிதாயின், அதில் பாதியைப் பிரதான எண்ணோடு சேர்த்துச் சாதாரண வில்லையே கொடுப்பதும் உண்டு: −3.00 என்றும் சிலிண்டர் −0.50 என்றும் உள்ள கண்ணுக்கு −3.25 வில்லை பொருந்தக்கூடும். சிலிண்டர் பெரிதாயின், கண்ணிமைக்கும்போது உருண்டுவிடாமல் தன் சாய்விலேயே நிலைக்குமாறு செய்யப்பட்ட டோரிக் லென்ஸ் வேண்டும். இவை தவிர, வில்லையின் உள்வளைவைக் காட்டும் பி.சி. என்னும் எண்ணும், விட்டத்தைக் காட்டும் எண்ணும் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். மென்வில்லைகளில் முன்னது பெரும்பாலும் 8.4 முதல் 8.7 மில்லிமீட்டர் வரையிலும், பின்னது 14 மில்லிமீட்டரை ஒட்டியும் இருக்கும். வளைவு பொருந்தாத வில்லை ஒன்று இறுகிப் பிடிக்கும், அல்லது இமைக்குந்தோறும் நழுவும். இந்தப் பொருத்தத்தைக் கருவியின் வாயிலாக நேரில் பார்த்தே நிர்ணயிக்க முடியும். ஆகவே லென்ஸுக்கென்று தனியாக ஒரு சீட்டு எழுதி வாங்குவது வீண் சடங்கன்று.

கண்ணின் மேலேயே வில்லையை வைக்கும் முயற்சி ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. 1888இல் ஜூரிக் நகரத்து அடால்ஃப் ஃபிக் என்னும் கண் வைத்தியர், கண்ணாடியால் வில்லை செய்து, முதலில் முயல்களின் கண்களிலும் பின்னர்த் தம் கண்ணிலும் வைத்துப் பார்த்தார். கனமான அந்த வில்லையைச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க இயலவில்லை. மென்வில்லையைச் சாத்தியமாக்கியவர் பிராக் நகரத்து ரசாயன அறிஞர் ஓட்டோ விக்டர்லே. நீரை உறிஞ்சி மெத்தென்று ஆகும் ஒருவகைப் பிளாஸ்டிக்கை அவரும் அவருடைய சகாவும் கண்டுபிடித்திருந்தனர். அதை வில்லையாக வார்க்கும் வழிதான் பிடிபடாமல் இருந்தது. 1961ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் சமயத்தில், குழந்தைகள் வைத்து விளையாடும் மெர்குர் என்னும் கட்டுமானப் பொம்மையின் பாகங்களையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு, தம் வீட்டிலேயே ஒரு சுழல் யந்திரத்தை அமைத்து அவர் முதல் வில்லைகளை வார்த்தெடுத்தார். அமெரிக்காவில் 1971இல் மென்வில்லைக்கு அரசாங்க அனுமதி கிடைத்தது. மலிவாக ஏராளமாய்ச் செய்து, பழசானதும் எறிந்துவிடும் முறை 1980களில் டென்மார்க்கில் உருவாகி, அமெரிக்க நிறுவனமொன்றின் கைக்குச் சென்று உலகெங்கும் பரவியது. ஒரே நாள் அணிந்து எறியும் வில்லை 1990களில் வந்தது.

எறிந்துவிடுவது ஏன் நல்லது என்பதற்கு விடை கருவிழியிலேயே இருக்கிறது. ஒளி தடையின்றி உட்புகும் பொருட்டுக் கருவிழிக்கு ரத்தக் குழாய்கள் கிடையா. தனக்கு வேண்டிய பிராணவாயுவில் பெரும் பகுதியை அது வெளிக்காற்றிலிருந்து கண்ணீரின் வழியாகவே பெறுகிறது. வில்லை அந்த வழியில் நிற்கிறது. கண்ணீரிலுள்ள புரதமும் கொழுப்பும் நாளுக்கு நாள் அதன் மேல் படிகின்றன. அப்படிவில் கிருமிகள் குடியேறுகின்றன. இமைகளை மூடி உறங்கும்போது கிடைக்கும் வாயு இன்னும் குறைந்துபோகிறது. 1989இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மென்வில்லையைப் பகலில் மட்டும் அணிந்தோரில் ஆண்டுக்குப் பதினாயிரம் பேருக்கு 4.1 பேர் வீதமும், உறக்கத்திலும் அணிந்தோரில் 20.9 பேர் வீதமும் கருவிழிப் புண் கண்டது. ஐந்து மடங்கு வித்தியாசம். தம்போய்வாசியின் தினசரி வாழ்க்கையை வைத்து இந்த எண்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கவலை உண்டாகிறது. அதிகாலை நாலரை மணிக்கு அணிந்த வில்லையை இரவு ஒன்பது மணிக்கு எடுப்பதென்றால், கருவிழி பதினாறு மணி நேரத்துக்கு மேல் மூடப்பட்டிருக்கிறது; பாலத்து நெரிசலில் களைத்து, பேருந்தின் ஆசனத்திலேயே கண்ணயர்ந்தால் அதுவும் வில்லையுடனான உறக்கமே. இத்தகையோர் பாலம் கடக்கும்வரை கண்ணாடியோடு பிரயாணம் செய்து, வேலையிடத்தில் கைகழுவி ஒருநாள் வில்லையை அணிந்து, வீடு திரும்புமுன் அதை எறிந்துவிட்டுக் கண்ணாடிக்கு மாறுவது உத்தமம். ஹெல்மெட்டுக்காகவே வில்லையை விரும்புவோருக்கு இது கசப்பான யோசனைதான். அவர்கள், போகும்போது ஒரு ஜோடியும் வரும்போது மற்றொரு ஜோடியுமாக, இடையில் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கலாம். செலவு கூடும், கருவிழிக்கு இளைப்பாறுதல் கிட்டும்.

வில்லைக்குப் பழகும் நாட்கள் பொறுமைக்கு உரியவை. முதல் நாள் நான்கு மணி நேரம் போதும். பின்பு நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரமாகக் கூட்டிச் செல்லலாம். அணியுமுன் சோப்பிட்டுக் கைகழுவி, பஞ்சிழை ஒட்டாத துணியில் ஈரமறத் துடைத்துக்கொள்ள வேண்டும். விரல் நுனியில் வில்லையை நிறுத்திப் பக்கவாட்டில் பார்த்தால், விளிம்பு நேராக மேலெழுந்து கிண்ணமாகத் தோன்றுவது சரியான பக்கம். விளிம்பு வெளிப்புறம் மடிந்து விரிந்திருந்தால் அது உட்புறம் வெளிப்புறமாக மாறியிருக்கிறது. கண்ணின் பின்பக்கம் வில்லை போய்விடுமோ என்று அஞ்சுவோர் பலர். இமையின் உட்புறத்தையும் வெண்விழியையும் இணைக்கும் மெல்லிய சவ்வு மூடியிருப்பதால் அவ்வாறு போவதற்கு வழியே இல்லை. மேலிமைக்குள் ஒளிந்தாலும் கண்ணை அசைத்து எடுத்துவிடலாம். முதல் சில நிமிஷங்களில் இமைக்குக் கீழே ஏதோ இருப்பதாக உணர்வதும் சிறிது கண்ணீர் வருவதும் இயல்பே. குத்தல் தொடர்ந்தால் மட்டும், சகித்துக்கொள்ளாமல் உடனே எடுத்துவிட வேண்டும். குழாய்த் தண்ணீரில் வில்லையைக் கழுவுவதும், அணிந்தபடி நீந்துவதும் கூடாது. அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் தண்ணீரில் வாழ்கிறது; அது கருவிழியில் இறங்கினால் வைத்தியம் மாதக்கணக்கில் நீளும்.

நமக்கு மிக அருகில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டு மார்ச் முதல் 2006ஆம் ஆண்டு மே வரை சிங்கப்பூரில் 66 பேருக்கு ஃபுசேரியம் என்னும் பூஞ்சையால் கருவிழிப் புண் உண்டானது. பெரும்பாலோர் எறிந்துவிடும் மென்வில்லை அணிந்த இளவயதினர். பாஷ் அண்ட் லாம் நிறுவனத்தின் ரீநியூ மாய்ஸ்சர்லாக் என்னும் கழுவுதிரவத்துடன் அந்நோய்க்குத் தொடர்பு இருப்பதாகத் தெரிந்ததும், 2006 மே மாதத்தில் அத்திரவம் உலகெங்கிலும் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதே சமயம், நோயுற்றவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் கெடு கடந்த வில்லையை அணிந்தது, அதனோடு உறங்கியது போன்ற தவறான பழக்கங்களைத் தாமே ஒப்புக்கொண்டனர். ஐந்து பேருக்கு அவசரமாகக் கருவிழி மாற்றுச் சிகிச்சையே செய்ய நேர்ந்தது. மண்ணிலும் செடிகொடிகளிலும் வாழும் அந்தப் பூஞ்சை தமிழ்நாட்டுக் கண் வைத்தியர்களுக்குப் பழைய பகைவன். கதிரோ இலையோ கண்ணில் கீறிவிட்ட விவசாயிகளின் கருவிழியை அது தின்றுவிடுவதை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ஆண்டாண்டாகப் பார்த்துவருகிறார்கள். அம்மருத்துவமனையில் நடத்தப்பெற்று 2013இல் வெளியான பரிசோதனைதான், இப்பூஞ்சைக்கு நேட்டமைசின் சொட்டு மருந்தே சிறந்தது என்பதை நிலைநாட்டியது. வயற்காட்டு வியாதி ஒன்று, அலுவலக மேஜையிலிருந்த, வில்லையை ஊறவைக்கும் சிறு டப்பியின் வழியாக நகரத்து இளைஞர்களைத் தேடி வந்ததென்பது என் மனத்தை விட்டு அகலாத விஷயம். மாத வில்லை அணிவோர் பழைய திரவத்தின் மேலேயே புதியதை ஊற்றாமல், ஒவ்வொரு நாளும் டப்பியைக் காலிசெய்து, உலர்த்தி, மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் டப்பியையே மாற்றிவிட வேண்டும் என்று சொல்வதெல்லாம் இதன் பொருட்டே.

மலேசியாவில் 1991ஆம் ஆண்டின் ஒளியியல் சட்டத்தின்படி, பதிவுபெற்ற தகுதியாளர்களே காண்டாக்ட் லென்ஸ் பொருத்தித் தரலாம். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக் கடைகளிலும் கைப்பேசி விளம்பரங்களிலும் விற்கும் வண்ண வில்லைகளுக்குப் பவர் இல்லாவிடினும், அவை கருவிழியின் மேல்தான் உட்காருகின்றன. சகோதரிகளும் தோழிகளும் ஒரே ஜோடியை மாற்றி மாற்றி அணிவது மிகவும் ஆபத்தானது.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைக் காணக் கூசி, பார்வை மங்கினால் அன்றிரவு பொறுத்திருந்து பார்ப்போம் என்று எண்ணலாகாது. வில்லையை உடனே எடுத்துவிட்டு, வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்துகளைத் தொடாமல், கண் வைத்தியரிடமோ பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ செல்ல வேண்டும். ஸ்டீராய்ட் கலந்த சொட்டு மருந்து, பூஞ்சைப் புண்ணை அமைதிப்படுத்துவதாகத் தோன்றச் செய்து உள்ளே வளர்த்துவிடக்கூடும். புறப்படும்போது எடுத்த வில்லையையும், அதன் டப்பியையும், திரவப் புட்டியையும், பவர் எழுதிய பெட்டியையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு செல்லுங்கள். கிருமி எதுவென்று பரிசோதனைச் சாலையில் வளர்த்துப் பார்ப்பதற்கு, கண்ணிலிருந்து சுரண்டி எடுப்பதைப் போலவே அந்த டப்பியும் வைத்தியருக்கு உதவும்.