மறுபடியும் குடித்துவிட்டாரா? சிகிச்சையை நிறுத்தாதீர்கள்

கார்த்திகை பிறந்துவிட்டால் திருப்பூர் பக்கம் அருள்புரத்துக் காம்பவுண்டு வீடுகளில் சில பெண்களின் முகம் தெளிந்துவிடும். வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டார். விடியற்காலைக் குளியல், சாயங்காலம் பஜனை, சனிக்கிழமைச் சம்பளம் முழுசாக வீடு வந்து சேர்கிறது. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றே, இல்லாவிட்டால் மறுநாள், பழையபடி பாட்டில். "நாப்பத்தெட்டு நாள் இருக்க முடிஞ்சவருக்கு அதுக்கு மேல முடியாதுங்களா? அத்தனையும் திமிருங்க" என்கிறது தெரு.

திமிர் இல்லை. நிறுத்துவது ஒரு வேலை, நிறுத்தியபடியே இருப்பது வேறொரு வேலை. மாலையோடு அவருக்கு என்னென்ன வந்தன என்று பாருங்கள்: 'சாமி' என்று மரியாதையாகக் கூப்பிடும் கூட்டம், கூடவே இருக்கும் குருசாமி, சும்மா கிடந்த சாயங்காலத்தை நிரப்பும் பூஜை, பாட்டிலை நீட்டாத சிநேகிதர்கள். மாலை கழன்றதும் அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகின்றன. மூளையில் வருடக்கணக்காக ஏற்பட்ட மாற்றம் மட்டும் அப்படியே இருக்கிறது.

மதுவோ, கஞ்சாவோ, ஹெராயினோ, வலி மாத்திரையோ, எதுவானாலும் மூளையில் இன்பத்தை உணரும் பகுதியில் டோபமைன் என்ற ரசாயனத்தை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கிறது. இது நாள்தோறும் நடந்தால் நல்ல சாப்பாடு, பிள்ளையின் விளையாட்டு எல்லாம் ருசியற்றுப் போகின்றன. போதை இல்லாமல் சாதாரணமாக இருப்பதே பெரும்பாடாகிறது. 'வேண்டாம்' என்று தடுக்கும் முன்மூளையின் பிடியும் தளர்கிறது. அதோடு, போதையைத் தொட்டு நின்ற அடையாளங்களையும் மூளை விடுவதில்லை. சம்பளக் கவர், பல்லடம் ரோட்டில் ஒரு குறிப்பிட்ட திருப்பம், ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற எட்டரை மணி, கூடக் குடித்தவரின் போன் அழைப்பு இவற்றில் ஏதாவது ஒன்று போதும், வெறி கிளம்பிவிடும். குடிக்கிற எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. குடும்பத்தில் முன்பே யாருக்காவது இருப்பது, சின்ன வயதில் தொடங்குவது, மனச்சோர்வு போன்ற நோய் கூடவே இருப்பது, இவை ஆபத்தைக் கூட்டுகின்றன.

வியட்நாம் போரிலிருந்து 1971-இல் நாடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். அங்கே ஹெராயினில் சிக்கியிருந்தவர்களில் மிகச் சிலரே ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அதில் விழுந்தார்கள். சுற்றியிருந்த உலகம் மாறியதும் நோயின் பிடி தளர்ந்தது. ஒடிசாவிலோ பீகாரிலோ சொந்த ஊரில் ஆறு மாதம் தொடாமலிருந்த பையன் பனியன் கம்பெனி வேலைக்காக அதே அறைக்குத் திரும்பிய வாரமே தொடங்கிவிடுகிறானே, அதற்கும் இதுதான் காரணம்.

தாமஸ் மக்லெல்லனும் சக ஆய்வாளர்களும் 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கணக்கை வைத்தார்கள். போதை நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் மறுபடி அதற்குத் திரும்புகிறார்கள். ரத்தக்கொதிப்பிலும் ஆஸ்துமாவிலும் நோய் மறுபடி தலைதூக்குவது 50 முதல் 70 சதவீதம். அதாவது, மருத்துவம் இங்கே மட்டும் தனியாகத் தோற்கவில்லை. சர்க்கரை ஏறிவிட்ட அம்மாவை நாம் வீட்டை விட்டுத் துரத்துவதில்லை. டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரையை மாற்றுகிறோம். மறுபடி குடித்துவிட்ட மனிதருக்கும் அதுவே நியாயம்.

திங்கட்கிழமை காலை ஓவர்லாக் மெஷினில் நூல் கோர்க்கும் ஒரு கையைக் கிட்டத்தில் பார்த்தால் இது நோய் என்பது விளங்கும். நூல் முனை துளைக்கு நேராகப் போகிறது, விலகுகிறது, மறுபடி போகிறது, மறுபடி விலகுகிறது. ஃபேன் ஓடியும் நெற்றி வியர்க்கிறது. டீ டம்ளர் உதட்டுக்குப் போவதற்குள் பாதி தளும்பிவிடுகிறது. கொஞ்சம் மது உள்ளே போனதும் கை நடுக்கம் நின்றுவிடுகிறது. அவர் அன்று குடித்தது சந்தோஷத்துக்காக இல்லை, கை நிற்பதற்காக.

இந்த நிலையில் இருப்பவரை 'இன்றோடு விட்டுவிடு' என்று அறையில் பூட்டிவைப்பது உயிருக்கே ஆபத்து. நீண்டநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவது, காய்ச்சல் என்று முற்றலாம். இதைப் பேய் பிடித்ததாக நினைத்து மந்திரிக்கக் கொண்டுபோய்ப் பறிகொடுத்துவிடக் கூடாது. மருத்துவமனையில் தயமின் என்ற வைட்டமினும் வலிப்பைத் தடுக்கும் மருந்தும் கொடுத்து ஒரு வாரம் பத்து நாளில் கரை சேர்த்துவிடுவார்கள்.

அந்தப் பத்து நாளோடு சிகிச்சை முடிந்துவிட்டதாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அங்கேதான் ஆரம்பம். குடிவெறியைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் உண்டு. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் இவ்விரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஹெராயின், வலி மாத்திரை போன்ற ஓபியாய்டு வகைக்கு பியூப்ரெநார்ஃபின், மெத்தடோன் ஆகிய மாற்று மருந்துகள் 2005 முதலே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா' என்று சிலர் தடுக்கிறார்கள். மருத்துவர் கண்காணிப்பில் அளவாகக் கொடுக்கப்படும் அந்த மருந்து ஊசியையும் மரணத்தையும் தள்ளிவைக்கிறது. அதைத் தடுப்பது பெரும் தவறு. கஞ்சாவுக்கு இப்படித் தனி மருந்து இன்னும் இல்லை, ஆலோசனைதான் சிகிச்சை. எந்தப் போதையானாலும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தப் பாதையைப் போட்டவர்களில் ஒருவர் சாந்தி ரங்கநாதன். டி.டி.கே. குடும்பத்தைச் சேர்ந்த தன் கணவரை 1979-இல் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். வசதிக்குக் குறைவில்லாத வீடு, ஆனால் போய்ச் சேர ஒரு நல்ல சிகிச்சை இடம் அன்று இல்லை. மறு வருடமே கணவர் பெயரில் சென்னையில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கி, இதை நோயாகவே வைத்துச் சிகிச்சை தந்தார். 1989 முதல் திருவாரூர் பக்கம் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டு, குடும்பத்தாரையும் ஊராரையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது அந்த நிறுவனம். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இத்தனைக்குப் பிறகும், மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர். நம் தெருவில் டாஸ்மாக் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். சிகிச்சை எங்கே என்று கேட்டால் கை சுவரில் ஒட்டிய நோட்டீஸைக் காட்டுகிறது.

அந்த நோட்டீஸ்களில் ஒரு வகை, 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்கிறது. கொடுக்காதீர்கள். என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத பொடி அது. அதில் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்தால் ஆபத்து பெரிது: அது உடலில் இருக்கும்போது ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து, நெஞ்சு படபடத்து, உயிர்கூடப் போகலாம். மருத்துவரே நோயாளியிடம் எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதித்த பிறகு கொடுக்க வேண்டிய மருந்து அது.

இன்னொரு வகை நோட்டீஸ் 'மறுவாழ்வு மையம்' என்கிறது. நள்ளிரவில் வேன் அனுப்பி, நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு போவார்களாம். நல்ல மையங்கள் இருக்கின்றன. அடித்து உதைப்பதையே சிகிச்சையாக வைத்திருக்கும் இடங்களும் இருக்கின்றன. 2022 மே மாதம் சென்னை ராயப்பேட்டையில் ஒரு தனியார் மையத்தில் சேர்க்கப்பட்டவர் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கில் அதை நடத்தியவர்களே கைதானார்கள். அதற்கும் முன்னால், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் கருகிப்போனதைத் தமிழ்நாடு மறக்கக் கூடாது.

இன்று சட்டம் தெளிவாக இருக்கிறது. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 மது, போதைப்பொருளால் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய் என்றே வரையறுக்கிறது. ஆகவே அரசு மருத்துவமனையில் சிகிச்சை கேட்பது உங்கள் உரிமை. சங்கிலியால் கட்டுவது எந்த வடிவிலும் குற்றம். கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது, கூலி தராமல் வேலை வாங்கக் கூடாது, வீட்டாரைப் பார்க்கவும் போனில் பேசவும் தடை போடக் கூடாது. சம்மதமில்லாமல் ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் மனநல மருத்துவர் உள்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அதுவும் முதல் தடவை 30 நாளுக்கு மேல் போகாது. மையத்தில் காலடி வைத்ததும் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். 'மூணு மாசத்துக்கு யாரும் வந்து பார்க்கப்படாது' என்றால் அந்த இடமே வேண்டாம். உள்ளே கொடுமை நடந்தால் மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிடலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார், தொலைபேசி 15100.

இளவட்டங்களின் பிரச்சினை வேறு. கஞ்சா சாக்லேட்டும், டாக்டர் சீட்டில்லாமல் கைமாறும் வலி மாத்திரையும் பிடிபட்ட செய்தி திருப்பூர் வட்டாரத்தில் அடிக்கடி வருகிறது. மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறவர்கள் ஊசியைப் பகிரும்போது எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் கூடவே ஏறுகின்றன. பெற்றோருக்கு நோயைவிட போலீஸ் பயம் பெரிதாக இருக்கிறது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உபயோகித்ததற்காகவோ, சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் அவர்மேல் வழக்கு நடத்தாமல் விட அது வழிசெய்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பும் போகும். விற்றவருக்கு இது பொருந்தாது. பள்ளிப் பிள்ளைக்குப் போதைப்பொருள் கொடுத்தவருக்கு இளைஞர் நீதிச் சட்டம், 2015 ஏழு வருடம் வரை கடுங்காவல் வைத்திருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிகிச்சையிலோ சிறையிலோ சில வாரம் விட்டிருந்த பையன் பழைய அளவையே மறுபடி ஏற்றிக்கொண்டால் உடம்பு தாங்காது. தாங்கும் சக்தி அதற்குள் இறங்கியிருக்கும், மூச்சு நின்றுபோகும். வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. திட்டி விரட்டுவதற்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது.

கணவர் நோயாளி என்பதால் அடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தப் பெண்ணும் நினைக்கக் கூடாது. நோய்க்கு மருந்து, அடிக்குச் சட்டம். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-இன் கீழ் பாதுகாப்பு ஆணையும், அதே வீட்டில் இருக்கும் உரிமையும், செலவுக்குப் பணமும் கேட்கலாம்.

வேலை போய்விடுமே என்பதால் ஆஸ்பத்திரியில் சேராதவர் பலர். இ.எஸ்.ஐ. பிடித்தம் முறையாகக் கட்டப்பட்டு, இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று தந்தால், நோய்க்காலப் பணமாக ஊதியத்தில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அந்தப் பணம் வாங்கும் காலத்தில் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 2025 வரை நடப்பிலிருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொன்னது. பிடித்தமே கட்டாத கம்பெனிகளில் இந்த வாசல் அடைத்துக் கிடக்கிறது. தொழிற்சங்கங்கள் கையிலெடுக்க வேண்டிய விஷயம் இது. வேலைக்குத் திரும்பிய பிறகு கொஞ்ச நாளைக்குச் சனிக்கிழமைச் சம்பளத்தை மனைவி கணக்கில் போடும்படி அவரே எழுதிக்கொடுத்தால், குடும்பச் சண்டையில் பாதி குறையும்.

அருள்புரத்திலிருந்து பஸ் ஏறினால் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மனநலப் பிரிவில் வெளிநோயாளி சீட்டு போட்டு, குடிப்பதை மறைக்காமல், கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்பதை முதலிலேயே சொல்லுங்கள். போகத் தயங்குகிறவர்கள் 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம். பக்கத்து அறைப் பையனுக்குத் தமிழ் வராது என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுங்கள். அதில் இந்தி, ஒடியா, வங்காளம் எல்லாவற்றிலும் பேச ஆள் இருக்கிறார்கள்.