முட்டி ஜவ்வு ஆபரேஷன்: 16 வருஷம் கழித்து

வாசலில் உட்கார்ந்து கோலம் போட என்னால் முடியாது. நின்றபடி குனிந்துதான் போடுவேன். எங்கள் திருமழிசைத் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், "ஏங்க்கா, இடுப்பு வலிக்காதா?" என்பார்கள். இடுப்பு பரவாயில்லை, முட்டிதான் மடங்காது என்று சிரித்துவிட்டுப் போவேன்.

2009-ல் இவருடன் மொபெட்டில் பூந்தமல்லி போய்த் திரும்பும்போது வண்டி சறுக்கி, இடது முட்டி திருகிக்கொண்டது. 'பட்'டென்ற அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வீக்கம் வடிந்த பிறகும் படியிறங்கினால் கால் சொதக்கென்று மடங்கும். ஸ்கேன் எடுத்ததில் முட்டிக்குள் முன்பக்க ஜவ்வு அறுந்திருந்தது. மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. தொடையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து ஜவ்வு இருந்த இடத்தில் பொருத்தினார்கள்.

ஆறே மாதத்தில் குடம் தூக்கினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அங்கேதான் தப்புச் செய்தேன். "நாள் முழுக்க வேலைதானே செய்கிறேன், தனியாகப் பயிற்சி எதற்கு?" என்று விட்டுவிட்டேன். எடையும் 12 கிலோ ஏறிற்று.

கால் மடங்கி விழுவது அன்றோடு நின்றது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் நாற்பதைத் தாண்டியதும் காலையில் விறைப்பு, சாயங்காலம் வீக்கம். எக்ஸ்ரேயில் தேய்மானம். "ஆபரேஷன் பண்ணியுமா டாக்டர்?" என்றேன். "அது முட்டி ஆடாம நிறுத்தத்தாம்மா. அடிபட்ட அன்னிக்கே குருத்தெலும்பும் கெட்டுப்போச்சு. தேய்மானத்தை ஆபரேஷனால முழுசாத் தடுக்க முடியாது. தொடைத் தசை பலமா இருந்தா, எடை குறைஞ்சா, வலி மட்டுப்படும்" என்றார். முதலிலேயே சொல்லியிருப்பார்கள், என் காதில் ஏறியிருக்காது.

இப்போது என் அண்ணன் மகள் கல்லூரிக் கபடியில் அதே ஜவ்வை அறுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். அண்ணிக்கு ஒரே அழுகை. 2022 நவம்பரில் சென்னையில் ஒரு கால்பந்து மாணவி, 17 வயதுப் பெண், ஜவ்வு ஆபரேஷனுக்குப் பின் கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்று, முதலில் காலையும் பிறகு உயிரையும் இழந்தாளே, அந்தச் செய்தியை யார் மறப்பார்கள்? ஆபரேஷன் முடிந்து தாங்க முடியாத வலி, பாதம் சில்லிப்பு, விரல் மரத்துப்போவது, நிறம் மாறுவது, எது வந்தாலும் நடுராத்திரியானாலும் நர்ஸைக் கூப்பிட வேண்டும். "பொறுத்துக்கோம்மா" என்று நாமே அடக்கிவிடக் கூடாது என்று அண்ணியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எல்லாருக்கும் உடனே கத்தி வைக்கத் தேவையில்லையாம். ஸ்வீடனில் 121 இளவயதினரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன், மறுபாதிக்கு முதலில் பயிற்சி என்று வைத்துப் பார்த்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து வருஷம் கழித்தும் வலியிலோ நடமாட்டத்திலோ பெரிய வித்தியாசமில்லை. பயிற்சியில் ஆரம்பித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆபரேஷனே வேண்டியிருக்கவில்லை. இவளுக்கும் முதலில் வீக்கம் வடியட்டும், கால் நேராக நீளட்டும், பிறகு முடிவு செய்யலாம் என்றிருக்கிறார் டாக்டர்.

"கபடி எப்ப ஆடலாம் அத்தை?" என்பதுதான் அவள் கவலை. ஆபரேஷன் என்றால் ஒன்பது மாதத்துக்கு முன் களத்தில் இறங்கக் கூடாது, அவசரப்பட்டால் மறுபடி அறுந்துபோகும் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

லீவுக்கு எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். தினமும் காலையில் பாயை விரித்து, முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து இருவரும் அழுத்துகிறோம். பத்து எண்ணும்வரை விடக் கூடாது. எண்ணுவது அவள்தான், நான் எண்ணினால் ஏழுக்கு அடுத்தது பத்து வந்துவிடுகிறதாம்!