மழைக்காலத்தில் பயற்றை உலர்த்திக் காப்போம்

அக்டோபர், நவம்பர் மாதங்கள் தீபகற்பத்தின் மேற்குக்கரைத் தோட்டங்களில் அடைமழைக் காலமாகும். பட்டை நனைந்திருக்கும் நாளில் பால்மரம் சீவ இயலாது. சீவாத நாளில் வருமானமும் குறைகின்றது. அத்தகைய நாள்களில் வீட்டின் பின்புறத்துக் காய்கறிப் பாத்தி நம் குடும்பங்களுக்குச் சிறு துணையாக நிற்கின்றது. ஆனால், அதே மழை அப்பாத்தியில் முற்றி நிற்கும் பயற்றங்காய், அவரை, மொச்சை ஆகியவற்றையும் கெடுத்துவிடுகின்றது. இன்னும் இரண்டு நாள் வெயில் வரட்டும் என்று கொடியிலேயே விட்டுவைத்து, பின்னர்க் கறுத்த நெற்றுகளையும் முளைவிட்ட விதைகளையும் அள்ளி எறிந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு.

இவ்விழப்பு ஒரு வேளைக் குழம்போடு முடிவதன்று. பயற்றங்காய் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. ஆதலின், நல்ல கொடியிலிருந்து எடுத்த விதை மறுமுறையும் அதே காயைத் தரும். பாட்டி கையிலிருந்து பேத்தி கைக்கு வந்த விதை ஒரு மழைக்காலத்தில் கெட்டுப்போனால், அதைக் கடையில் வாங்க முடியாது.

பறிக்கும் பருவம்

வெயில் காலத்தில் நெற்றுகள் கொடியிலேயே சலசலக்கும்வரை காத்திருக்கலாம். மழைக்காலத்தில் அவ்வாறு காத்திருத்தல் தவறு. பூத்து ஏறத்தாழ மூன்று வாரங்களில் பயற்றங்காயின் விதை உள்ளே முற்றிவிடுகின்றது. அதன்பின் அது கொடியில் இருப்பது உலர்வதற்காகவே. எனவே, பச்சை நிறம் மாறிக் காய் மஞ்சளாகிச் சுருங்கத் தொடங்கியதும் பறித்துவிடலாம். எஞ்சிய உலர்த்தலைக் கூரையின் கீழ் நாமே செய்துகொள்ளலாம். எல்லாக் காய்களும் ஒன்றாக முற்றுவதில்லை. ஆகவே, இரண்டு நாளைக்கு ஒருமுறை பார்த்து, முற்றியவற்றை மட்டும் பறித்தல் நன்று. பனியும் மழைநீரும் வடிந்தபின் பறிக்க வேண்டும்.

மழை விடாது பெய்யுமானால், கொடியை அடியில் அறுத்து, நெற்றுகளுடன் தலைகீழாகத் தாழ்வாரத்தில் தொங்கவிடலாம். வேரைப் பிடுங்க வேண்டியதில்லை. அதிலுள்ள சிறு முடிச்சுகள் மண்ணிலேயே மக்கி, அடுத்த பயிருக்குத் தழைச்சத்தைத் தரும்.

உலர்த்தும் முறை

பறித்த நெற்றுகளைக் குவித்து வைத்தல் கூடாது. குவியலின் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். கோணிச்சாக்கின்மீதோ பாயின்மீதோ ஒற்றை அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து, நாளுக்கு இருமுறை புரட்டிவிட வேண்டும். நெற்று நொறுங்கும் பதம் வந்ததும் உடைத்து, புடைத்து, விதைகளைப் பிரிக்கலாம்.

நிழலில் உலர்த்துவதோடு நின்றுவிடலாகாது. நம் நாட்டு மழைக்காலக் காற்றிலேயே ஈரம் மிகுதி. அக்காற்றில் எத்தனை நாள் கிடந்தாலும் விதை ஓரளவுக்குமேல் உலராது. உலர்ந்த விதையும் ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். எனவே, மழை ஓய்ந்து வெயில் முகங்காட்டும் நாள்களில், காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணிவரை விதைகளை வெயிலில் காயவைத்து, வெயில் சாயுமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். அடுப்பின் அருகே வைப்போர், விதைக்காக வைத்திருப்பவற்றில் 40 பாகை செல்சியசுக்குமேல் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளல் வேண்டும். கை பொறுக்காத சூடு முளைப்புத் திறனைக் கொன்றுவிடும்.

ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்திய மூத்த தொழிலாளர்கள் இதனை நன்கறிவர். மேலே உலர்ந்ததுபோல் தோன்றினும், நடுவில் வெண்புள்ளி தெரிந்தால் அந்த ஷீட்டில் ஈரம் தங்கியுள்ளது என்பது பொருள். பயறும் அத்தகையதே. ஆனால், அதன் உள்ளீரம் கண்ணுக்குத் தெரியாது.

ஈரத்தை அறிவது எப்படி?

நன்கு உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஒரு பிடி விதையையும், வறுத்து ஆறவைத்த ஒரு கரண்டி உப்பையும் இட்டு மூடி, நன்றாகக் குலுக்கிச் சற்றுநேரம் வைக்க வேண்டும். உப்பு புட்டியின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டால் விதையில் 15 விழுக்காட்டுக்குமேல் ஈரம் உள்ளது. சேமிப்பதற்கு 12 விழுக்காட்டுக்குமேல் ஈரம் இருத்தலாகாது. ஆகவே, உப்பு ஒட்டாவிடினும் மேலும் ஓரிரு நாள் வெயிலில் வைத்தல் நலம். இறுதியில், விதையைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம்: நசுங்கினால் ஈரம் உள்ளது, நொறுங்கிச் சிதறினால் உலர்ந்துவிட்டது.

பூஞ்சணம் பிடித்ததை உண்ணலாகாது

கழுவி வேகவைத்தால் போயிற்று என்று எண்ணுவோர் உண்டு. இது ஆபத்தான எண்ணமாகும். சிலவகைப் பூஞ்சணங்கள் அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. இந்நஞ்சு நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் மிகுதியாகக் காணப்படுவது; ஈரத்தில் கெட்ட பிற தானியங்களிலும் பயறுகளிலும் தோன்றக்கூடும். சமையலின் கொதிப்பு இதனை அழிப்பதில்லை. கல்லீரலையே இது தாக்குகின்றது. 1988-ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தில் ஒருவகை மீ உண்ட பிள்ளைகள் 13 பேர் உயிரிழந்தனர். அதற்கு இந்நஞ்சே காரணமென்று ஆய்வாளர்கள் கருதினர். எனவே, பூஞ்சணம் படர்ந்த விதைகளைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். கோழிக்கும் போடலாகாது. 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கெட்ட கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் இலட்சத்துக்கு மேல் மடிந்தன. அதன் பின்னரே இந்நஞ்சை உலகம் அறிந்தது.

வண்டும் சேமிப்பும்

விதையின்மேல் தெரியும் சிறு வெண்புள்ளிகள் பயற்றுவண்டின் முட்டைகளாகும். நம் நாட்டு வெப்பத்தில் நான்கு வாரத்திற்குள் அடுத்த தலைமுறை வண்டு துளையிட்டு வெளிவந்துவிடும். ஒரு கிலோ விதைக்கு ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் விட்டுப் பிசறிவைத்தால் வண்டு பெருகாது. உறைபெட்டி உள்ளவர்கள், நன்கு உலர்ந்த விதையைப் புட்டியில் இட்டு இறுக மூடி நான்கைந்து நாள் அதில் வைக்கலாம். வெளியே எடுத்தபின் குளிர் தணியும்வரை மூடியைத் திறக்கலாகாது.

வெயிலில் காய்ந்த விதையைச் சூடு ஆறியபின்னரே புட்டியில் அடைக்க வேண்டும். பொன்னிறமாக வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டால், எஞ்சிய ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். விதையின் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டிவைப்போம்.

மழையை நாம் தடுக்க முடியாது. பறிக்கும் நாளைத் தேர்ந்தெடுக்க முடியும். நன்கு காய்ந்த விதையில் ஒரு பிடியை அண்டை வீட்டாருக்கும் கொடுத்து வைப்போம். நம் புட்டியில் உள்ளது கெட்டாலும், அவர்கள் பாத்தியில் நம் பயறு காய்த்துக்கொண்டிருக்கும்.