பட்டறைக் கல்யாணம்

இங்கிலாந்தின் வடக்கு எல்லையில் சார்க் என்றொரு சிற்றாறு. அதைத் தாண்டினால் ஸ்காட்லாந்து. சற்றுத் தள்ளி கிரெட்னா கிரீன் கிராமம். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த ஊரை நோக்கிக் குதிரை வண்டிகள் தலைதெறிக்க ஓடின. முன்னால் காதல் ஜோடி. சில நேரம் பின்னாலேயே பெண்ணின் அப்பா.

காரணம், 1754-இல் நடப்புக்கு வந்த சட்டம். 21 வயது நிரம்பாதவர்கள் பெற்றோரை மீறி மணம் முடிப்பதை இங்கிலாந்தில் அது மிகக் கடினமாக்கிவிட்டது. ஆற்றுக்கு அக்கரையில் அந்தக் கெடுபிடி இல்லை. பையனுக்கு 14, பெண்ணுக்கு 12 ஆகியிருந்தால் போதும். இரண்டு சாட்சிகள் முன்னால் வாய்விட்டுச் சம்மதம் சொன்னால் கல்யாணம் முடிந்தது. பாதிரியார்கூடத் தேவையில்லை. கொல்லுப்பட்டறையிலேயே நடத்திவைத்தார்கள், பட்டறைக் கல்லில் விழும் சுத்தியல் அடிதான் கெட்டிமேளம்.

வியப்பு இனிமேல்தான். ஊர் திரும்பிய ஜோடியை இங்கிலாந்து நீதிமன்றங்களும் கணவன் மனைவியாகவே ஏற்றன! எப்படி?

எல்லை தாண்டிய திருமணத்தைச் சட்டம் இரண்டு பெட்டிகளாகப் பிரித்துப் பார்க்கிறது. எப்படி மணப்பது என்பதற்கு, மணம் நடக்கும் ஊரின் சட்டம். யார் யாரை மணக்கலாம் என்பதற்கு, அவரவர் சொந்த நாட்டின் சட்டம். பெற்றோர் சம்மதத்தை நீதிபதிகள் முதல் பெட்டியில், அதாவது சடங்குக் கணக்கில் போட்டார்கள். ஜோடிகள் தப்பினார்கள்.

எல்லாரும் தப்பவில்லை. மனைவியை இழந்த ஓர் ஆங்கிலேயர், 1850-இல் டென்மார்க் ஆட்சியிலிருந்த பகுதிக்குப் போய் மைத்துனியை மணந்தார். நம் ஊரில் பெரியவர்களே பேசி முடிக்கிற சம்பந்தம். அன்றைய இங்கிலாந்தில் தடை. டென்மார்க் அனுமதித்தும், 1861-இல் பிரபுக்கள் சபை அந்தத் திருமணம் செல்லாது என்றது. இது இரண்டாம் பெட்டி. உறவுத்தடை ஆளோடு கூடவே கப்பலேறும்.

இன்று வெளிநாட்டில் மணக்கப் போகிறவர் அலைந்து வாங்கும் காகிதங்களின் சூட்சுமமும் இந்த இரண்டு பெட்டிகள்தான். திருமணமாகாதவர் என்ற சான்று, விவாகரத்துத் தீர்ப்பு நகல் எல்லாம் இரண்டாம் பெட்டிக்கான பதில்கள். அவை அசல்தான் என்று அயல்நாட்டு அலுவலகம் நம்புவதற்கு, 1961-இன் ஹேக் உடன்படிக்கை தந்த 'அப்போஸ்டில்' சான்று. இந்தியாவில் இது 2005 முதல் நடப்பில் இருக்கிறது.

கிரெட்னா கிரீன் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 பிப்ரவரி முதல் திருமண வயது 18. ஸ்காட்லாந்தில் இன்னும் 16தான். அப்படியானால் 17 வயதுக் காதலர்கள் மறுபடி வண்டி கட்டலாமா? முடியாது. இங்கிலாந்தை நிரந்தர வாழிடமாகக் கொண்டவர் 18-க்கு முன் எங்கே போய் மணந்தாலும் செல்லாது என்று புதுச் சட்டம் எழுதிவிட்டது. வயது இப்போது இரண்டாம் பெட்டியில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டலாம், வயதை இறக்கிவைக்க முடியாது.